அம்மா வரைந்த படம் – ஒரு கடிதம்

வணக்கம் அக்கா.

நான் இப்போது கிள்ளானில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா அந்தத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. போன வருடம் தவறிவிட்டார். சுங்கை சிப்புட் வீட்டை விற்கப் போகிறோம். சாமான்களை ஒதுக்கியபோது அலமாரிக்குப் பின்னால் அம்மா வரைந்த எண்ணெய் வண்ணப் படம் ஒன்று கிடைத்தது. பால்மரம் வெட்டும் பெண், அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுப்பவள். கீழே அம்மாவின் கையெழுத்தும் 1974 என்ற வருடமும் இருக்கின்றன. ஓரங்களில் பூசணம் பிடித்திருக்கிறது. சில இடங்களில் வண்ணம் வெடித்திருக்கிறது.

அண்ணனும் நானும் இருவருமே படத்தைக் கேட்கிறோம். ஈப்போவில் பிரேம் போடும் கடைக்காரர், நல்ல கேமராவில் எடுத்து கேன்வாஸில் இரண்டு பிரதி அச்சிட்டுத் தருவதாகச் சொல்கிறார். இதைவிடப் பளிச்சென்று இருக்குமாம், பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாமாம்.

சிங்கப்பூரில் மகள் வேலை செய்கிறாள். அவளோடு அங்கே தேசியக் கலைக்கூடத்தில் ஜார்ஜெட் சென் வரைந்த படங்களைப் பார்த்திருக்கிறேன். அம்மா அப்படிப்பட்ட ஓவியர் எல்லாம் இல்லை. ஏதோ பொழுது போவதற்காக வரைந்தவர். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பூசணத்தை எப்படித் துடைப்பது? படத்துக்கு விலை ஏதும் இருக்குமா? பிரதி எடுத்துக்கொள்வதில் தவறு உண்டா? போனில் எடுத்த போட்டோவை இணைத்திருக்கிறேன்.

வ., கிள்ளான்

*

அன்புத் தங்கை வ.வுக்கு,

படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அண்ணனுக்கும் இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். பிரேம் கடையில் விட்டு வந்திருந்தால் நாளைக் காலையிலேயே போய் எடுத்து வந்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இதைப் பொதுவில் எழுத ஒரு காரணம் உண்டு. நம் மலேசியத் தோட்டத்துப் பெண்கள் வரைந்த படங்கள் எல்லாம் எங்கே போயின என்று கொஞ்ச நாளாகவே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கோலத்தைச் சொல்லவில்லை. பலகையிலும் துணியிலும் சாயம் எடுத்து மனுஷ முகத்தையும் மரத்தையும் வரைந்தவர்களைச் சொல்கிறேன். இருந்திருக்கிறார்கள். எனக்கே ஒருவரைத் தெரியும். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பூசணம். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கலாம், ரொட்டியை வைத்து ஒற்றலாம், தேங்காயெண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதையும் செய்யாதீர்கள். வண்ணம் வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கினால் அடித்துணி உப்பி, இருப்பதும் உதிர்ந்துவிடும். படத்தை முகம் மேலே பார்க்கும்படி மேசையில் கிடத்துங்கள். வெயில் படாத, காற்றாடுகிற அறை போதும். பிளாஸ்டிக்கில் சுற்றினால் நம் ஊர் ஈரத்துக்குப் பூசணம் இன்னும் கொண்டாட்டமாக வளரும். பழைய ஓவியங்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகப் படித்தவர்கள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் போகும்வரை நீங்கள் செய்ய வேண்டியது, கையை வைக்காமல் இருப்பது ஒன்றுதான்.

விலையைப் பற்றி எதற்குக் கேட்கிறீர்கள்? விற்கப் போகிறீர்களா? இல்லை என்றால் அந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். "ஏதோ பொழுது போவதற்காக வரைந்தவர்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கே. 1974இல் தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியைக்குப் போகாத பொழுது என்று ஒன்று இருந்ததா? விடிவதற்கு முன் எழுந்து சமைக்க வேண்டும். பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். பள்ளிக்கூடம் முடிந்தால் திருத்த வேண்டிய நோட்டுகள். ரப்பர்ப் பால் ஸ்டோரிலிருந்து வரும் பெற்றோர்கள் ஆஸ்பத்திரிக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வாசலில் நிற்பார்கள். இதற்கு நடுவில் ஒரு பெண் எண்ணெய் வண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால், தூக்கத்தை விற்றுத்தான் உட்கார்ந்திருப்பாள். நீங்கள் அவர் மகள். இது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஜார்ஜெட் சென்னை இழுத்ததும் நீங்கள்தான், அதனால் சொல்கிறேன். 1906இல் பிறந்தவர். சொந்தப் பெயர் சாங் லி யிங். அப்பா பெரிய பழம்பொருள் வியாபாரி, பாரிஸ், நியூயார்க் என்று கடை வைத்திருந்தவர். அந்த வசதியில் இரண்டு ஊரிலும் ஓவியம் படித்தார். 1930இல் பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவர் படத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதே வருடம் சீனாவின் வெளியுறவு அமைச்சராக இருந்த யூஜின் சென்னை மணந்தார். போர் வந்தது. ஜப்பானியர்கள் இருவரையும் ஹாங்காங்கில் பிடித்துக் காவலில் வைத்தார்கள், பிறகு ஷாங்காயில். 1944இல் கணவர் அங்கேயே இறந்துபோனார். 1951இல் பினாங்குக்கு வந்து பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் சிங்கப்பூர். 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியை.

ஆமாம், அவரும் ஆசிரியைதான். பாடம் நடத்திய நேரம் போக மிச்சத்தில் வரைந்தவர்தான். பாரிஸ் தெருக்களை வரைந்த கை இங்கே வந்து ரம்புத்தானையும் டுரியானையும் வரைந்தது. மலாய் படித்தார். வெகுகாலம் அவரை 'அமைச்சரின் மனைவி' என்றே அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கொடுத்தது 1982இல். அப்போது வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, மூட்டுவாதம் கையைப் பிடித்துக்கொண்ட பிறகு.

1946 வாக்கில் அவர் தன்னையே வரைந்த படம் ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. 22.5க்கு 17.5 சென்டிமீட்டர். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை விரித்து மேலே வைத்தால் மூடிவிடும். புத்தகங்களிலும் சுவரொட்டிகளிலும் பெரிதாகப் பார்த்துவிட்டு நேரில் போனால், இவ்வளவு சின்னதா என்று திகைப்பாக இருக்கும். கணவரைப் பறிகொடுத்து, காவலிலிருந்து வெளியே வந்த பெண், வருகிறவரை அளந்து பார்க்கிறாள். அந்த அளவைப் பிரதி எதுவும் சொல்லித் தராது. அந்தச் சின்னச் சதுரத்துக்கு முன்னால் நாம் குனிய வேண்டியிருக்கிறது, கிட்டே போக வேண்டியிருக்கிறது, அப்போதுதான் அந்தப் பார்வை நம்மேல் விழுகிறது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? 1993இல் அவர் இறந்த பிறகு, அவருடைய வீட்டில் இருந்த 53 ஓவியங்களை லீ அறக்கட்டளை சிங்கப்பூர்க் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. கடிதங்களும் காப்பாற்றப்பட்டன. அவர் படங்களுக்கு முன்னால் உங்கள் மகளோடு நீங்கள் போய் நின்றீர்களே, அதற்கு அது ஒரு பெரிய காரணம். யாரோ பொறுப்பாக எடுத்து வைத்தார்கள். உங்கள் அம்மாவுக்கு அறக்கட்டளை கிடையாது. நீங்களும் அண்ணனும்தான்.

நம்மவர்களில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், பினாங்கில் 1941இல் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் இருக்கிறார். சுற்றுச்சூழலையும் போரையும் பொருளாக்கி வரைந்தவர். 2016இல் இறந்துபோனார். நம் மேடைகளில் அவர் பெயரை உச்சரித்து நான் கேட்டதில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும். இப்போது உங்கள் போட்டோவுக்கு வருகிறேன்.

திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் பார்த்தேன். மரத்தில் வெட்டு எப்படிப் போகிறது பார்த்தீர்களா? இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிகிறது. அதுதான் சரி. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து மேலே ஏறுகின்றன. அவற்றை அதிகமாக அறுக்க வேண்டுமானால் வெட்டு இப்படித்தான் சரிய வேண்டும். காலண்டரிலும் பத்திரிகை அட்டையிலும் பால்மரம் வரைகிறவர்கள் இதை இஷ்டத்துக்குப் போடுவார்கள். தலைகீழாகக்கூடப் போட்டிருக்கிறார்கள். உங்கள் அம்மா போடவில்லை. வெட்டுக்கு மேலே இருக்கிற பட்டையைப் பாருங்கள். கீழே இருப்பதைவிட வெளிறி, வழவழப்பாக இருக்கிறது. ஏற்கெனவே வெட்டி, மறுபடி வளர்ந்த பட்டை அது. கீழே உள்ள முரட்டுப் பட்டை இனிமேல்தான் வெட்டப்பட வேண்டியது. நிரையில், அதாவது வெட்டுக்காரிக்கு ஒதுக்கிய மர வரிசையில், நின்று வேலை செய்தவளுக்குத் தெரியும் இந்த வித்தியாசம். பள்ளிக்கூட டீச்சருக்கு எப்படித் தெரிந்தது? விடிகாலையில் நிரைக்குள் போய் நின்று பார்த்திருக்கிறார். வேறு வழியில்லை.

அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு சின்னத் தகர டப்பா, அதிலிருந்து சாம்பல் நிறத்தில் இழை மாதிரி மேலே போகிறது. கொசுவத்திப் புகை. அதை வரைய வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பச்சையைப் பாருங்கள். அடியில் இருக்கிற பழுப்பு கலங்காமல் மேலே உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் வண்ணம் தண்ணீர் வற்றிக் காய்கிற சரக்கு இல்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து மெல்ல மெல்ல இறுகுகிறது. மேல்பக்கம் காய்வதற்கே நாள் பிடிக்கும். தடிப்பாகப் பூசியிருந்தால் உள்ளே இறுக மாதக்கணக்காகும். அவசரப்பட்டு மேலே பூசினால் இரண்டும் சேறாகிவிடும். உங்கள் அம்மா காத்திருந்திருக்கிறார். பழுப்பைப் பூசிவிட்டு, எங்கேயோ பிள்ளைகள் கை படாத இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, சமைத்து, பாடம் நடத்தி, நோட்டுத் திருத்தி, அப்புறம் ஒரு நாள் திரும்பி வந்து பச்சையைத் தொட்டிருக்கிறார். பொழுதுபோக்காம்!

என் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அப்பாவின் மூத்த தங்கை. பால்மரம் வெட்டியவர். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குச் சாயம் அடிக்க வந்தவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போன டப்பாக்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பலகை கிடைத்தால் போதும், வரைவார். தூரிகை கிடையாது, தேங்காய் நாரை நைத்துக் கட்டிக்கொள்வார். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்த கிழவியை ஒரு பலகையில் வரைந்திருந்தார். மடியில் ஒன்று, முதுகில் சாய்ந்து ஒன்று, காலடியில் ஒன்று. கிழவியின் முகத்தில் கோபம். அன்பான ஆயா என்று வரைந்திருந்தால் எல்லோருக்கும் பிடித்திருக்கும். அத்தை கண்ணால் பார்த்ததை வரைந்தார். ஊரெல்லாம் சிரித்தது, "இந்தக் கெழவி இப்படித்தாண்டி முறைப்பா" என்று. கிழவி மட்டும் ரொம்ப நாள் அத்தையோடு பேசவில்லை.

தோட்டத்தில் கித்தா மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை போட்டபோது எங்கள் வரிசை லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். லோரியில் இடமில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் அந்தப் பலகைகளைக் கோழிக்கூட்டுக்கு அடைப்பாக அடித்துவிட்டு வந்தார்கள். வர்ணம் பூசிய பக்கத்தை உள்ளே வைத்து அடித்தார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் வரையவும் இல்லை. இப்போது அந்தக் கிழவியின் முகம் என் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. எனக்கு வரைய வராது. நான் போனால் அதுவும் போயிற்று. அந்த ஆண்கள் கெட்டவர்கள் இல்லை, அத்தைமேல் உயிரையே வைத்திருந்தவர்கள். பலகை என்றுதான் நினைத்தார்கள். உங்கள் கடைக்காரரும் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் பயமாக இருக்கிறது.

சரி, பிரதி விஷயம். மீண்டும் அந்தப் போட்டோவைத் திறங்கள். இடப்பக்கம், இரண்டாவது மரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில், இருட்டுப் பச்சையாக ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் போனின் பிளாஷ் வெளிச்சம் அங்கே பட்டு ஒரு மேட்டைக் காட்டுகிறது. மரத்தின் மேடு நேராக ஓடும். இது வளைகிறது. உருண்டையாக மேலே ஒன்று, அதன் கீழே சரிந்து இறங்குகிற கோடு. எனக்கு அது ஒரு தலையும் தோளுமாகத் தெரிகிறது. உயரத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளை.

எண்ணெய் வண்ணத்தில் ஒன்றை வரைந்துவிட்டு, மனசு மாறினால் மேலே பூசி மறைத்துவிடுவார்கள். மறைத்தாலும் அடியில் தடித்த வண்ணம் மேடாகவே இருக்கும். அதோடு, வருடம் போகப் போக மேல்பூச்சு வழியாக வெளிச்சம் உள்ளே இறங்க ஆரம்பிக்கும், மறைத்தது மெல்ல வெளியே வரும். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த நான்காம் பிலிப் மன்னரின் குதிரைப் படம் மத்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குதிரைக்குப் பின்னங்கால் கூடுதலாகத் தெரியும். ஓவியர் முதலில் போட்டு, பிறகு மறைத்த கால்கள் அவை. முன்னூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

ராத்திரியில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச் லைட்டைப் படத்தின் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பிடியுங்கள். வெளிச்சம் படத்தின்மேல் குறுக்காக ஓட வேண்டும். மேடு பள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து வரும். அங்கே என்ன இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

நான் நினைப்பது சரியாக இருந்தால், அது மங்கு துடைக்க வந்த பிள்ளை. மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். அந்தக் காலத்தில் அம்மாவோடு நிரைக்குப் போய், மங்கைத் துடைத்து, வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உருவிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பிள்ளைகள் எத்தனை பேர்! வராமலே போன பிள்ளைகள் எத்தனை பேர்! பெயர்ப் பதிவேட்டில் வராதவர்களுக்குக் கோடு போட்டது உங்கள் அம்மாவின் கைதான். அதே கை அந்தப் பிள்ளையை நிரையில் வைத்து வரைந்தது. பிறகு பச்சையைப் பூசி மூடியது. ஏன் மூடினார்? தோட்டத்துத் துரை பார்த்துவிட்டால் வம்பு என்றா? இந்தப் பிள்ளை படத்தில்கூட வேலை செய்யக்கூடாது என்றா? அவரைக் கேட்க முடியாது. ஆனால் கேள்வி அந்தத் துணியில் இருக்கிறது. கையால் தொட்டால் தட்டுப்படுகிற மேடாக இருக்கிறது, தொடாதீர்கள்.

கடைக்காரரின் கேமரா இதை என்ன செய்யும்? வெளிச்சம் சமமாக விழ வேண்டும் என்று இரண்டு பக்கமும் விளக்கை வைப்பார். மேடு தட்டையாகிவிடும். அப்புறம் பச்சையைக் கொஞ்சம் தூக்குவார், அழுக்கை எடுப்பார், வெடிப்பை அழிப்பார். அச்சில் வருவது பளிச்சென்ற ஒரு பால்மரப் பெண். கொசுவத்திப் புகையைக் கறை என்று நினைத்து அதையும் துடைத்துவிடலாம். அதைச் சட்டம் போட்டு நீங்கள் கிள்ளானிலும் அண்ணன் அவர் வீட்டிலும் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பிள்ளை ஈப்போவில் குப்பை லோரியில் போகும்.

நம் சுங்கை சிப்புட் என்றால் வெளியே இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, 1948 ஜூன் 16ஆம் தேதி கம்யூனிஸ்டுகள் தோட்டத் துரைமார்களைச் சுட்டது, அதையொட்டி வெள்ளைக்கார அரசு அவசரகாலத்தைக் கொண்டு வந்தது. இன்னொன்று, அமைச்சராக இருந்த தமிழ்த் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த ஊர். இரண்டும் உண்மை, இரண்டும் பெரிய விஷயம். ஆனால் 1974இல் இங்கே ஒரு பெண் இப்படிப் பார்த்தாள், இப்படி வரைந்தாள், ஒன்றை வரைந்துவிட்டு மறைத்தாள் என்பதும் இந்த ஊரின் சரித்திரம்தான். அதற்குச் சாட்சியாக உங்கள் கையில் இருப்பது அந்த ஒரு படம்.

பிரதி எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மூலம் பத்திரமாக இருக்கும்போது பிரதி தாராளமாக எடுக்கலாம். யார் மூலத்தை வைத்துக்கொள்வது என்று அண்ணனும் நீங்களும் பேசி முடிவு செய்யுங்கள். குளிர்சாதனம் ஒரே சீராக ஓடுகிற, சுவரில் ஈரம் கசியாத வீடு யாருடையதோ அங்கே இருக்கட்டும். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று அலைக்கழிக்க வேண்டாம். இருக்கிற வண்ணமும் வழியிலேயே கொட்டிவிடும்.

அம்மாவைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பிறந்த வருடம், எங்கே படித்தார், எந்தப் பள்ளியில் எத்தனை வருடம் வேலை செய்தார், வண்ணக் குழாய்களை எங்கே வாங்கினார், யார் சொல்லிக் கொடுத்தார். துணியின் பின்பக்கம் பேனாவால் எழுதிவிடாதீர்கள், மை முன்பக்கம் ஊறி வரும். தாளை உறையில் போட்டுப் படத்தோடு வையுங்கள். படத்தில் இருக்கும் பெண் யார் என்று கேட்கவேண்டிய ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அம்மாவிடம் அந்த வருடங்களில் படித்தவர்களுக்கு இப்போது அறுபது வயது இருக்கும். தோட்டத்தின் பெயரை எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள், நான் இங்கே விசாரிக்கிறேன்.

இன்னொன்று. முதல் தடவையாகத் தூரிகை பிடித்தவரால் அந்த மறுபட்டையைப் போட முடியாது. அதற்கு முன்னால் பல மரங்களை வரைந்து பார்த்திருக்க வேண்டும். யாருடைய கல்யாணத்துக்காவது பரிசாகக் கொடுத்திருப்பார், கூட வேலை செய்த டீச்சர் யாராவது கேட்டு வாங்கியிருப்பார், பள்ளிக்கூட ஸ்டோரில் ஏதாவது கிடக்கும். வீட்டை ஒப்படைக்கும் முன் சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஒரு சுற்றுக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா